தவுக்கேவுக்கு டயட்

போன மாதம் ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலுக்கு ஒரு சட்டி மீன் குழம்பு வந்தது.

கொண்டு வந்தவர் எதிர்வீட்டு லெட்சுமி அக்கா. முகத்தில் துக்கம் விசாரிக்க வந்த களை. குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தம்பி... வேல போயிடுச்சா?"

எனக்கு வேலை இருக்கிறது. பிரச்சினை பூனைக்கு. இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் பூனையின் பெயர் தவுக்கே; இங்கே முதலாளியை அப்படித்தான் கூப்பிடுவோம். கடை முதலாளி மாதிரி காலை நீட்டி உட்கார்ந்து, போகிற வருகிறவர்களை மேற்பார்வை பார்ப்பதால் வந்த பெயர். கொஞ்ச நாளாக முதலாளியால் சோபாவில் ஏற முடியவில்லை. முன்னங்கால் இரண்டையும் மேலே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கும் — மீதியை நீ தூக்கு என்று.

தடுப்பூசிக்குக் கொண்டுபோன இடத்தில் டாக்டர், என் மகள் வயதுப் பெண், அதன் விலா எலும்பை விரலால் தேடினார். கிடைக்கவில்லை.

"அங்கிள், இப்படியே போனா இனிப்பு நீர் வந்துரும். வெயிட் கொறைக்கணும். ஆனா திடீர்னு கொறைக்காதீங்க லா. பழைய பிஸ்கட்டுல புதுசக் கொஞ்சம் கொஞ்சமா கலந்து குடுங்க. குண்டுப் பூனை ரெண்டு நாள் சாப்பிடாம கெடந்தா கொழுப்பு ஈரல்ல போய் உக்காந்துக்கும். ரொம்ப டேஞ்சர்."

இத்தனையில் என் காதில் விழுந்தது இனிப்பு நீர் மட்டும்தான். எனக்கே அந்தச் சர்க்கரை வியாதி இருக்கிறது. வீட்டில் இன்னொருவருக்குமா? அன்றைக்கே பழைய பிஸ்கட்டைத் தூக்கிப் போட்டேன். டயட் பிஸ்கட்டை அளந்து தட்டில் கொட்டினேன்.

தவுக்கே முகர்ந்தது. என்னைப் பார்த்தது. பிறகு தரையைப் பிராண்டி அதை மூடப் பார்த்தது... வழக்கமாக அது மண்ணில் மூடுகிற வேறொன்றை மூடுவதைப் போல!

மறுநாளும் தொடவில்லை. அதற்கு மறுநாள் மத்தியானமும் இல்லை. அப்போதுதான் டாக்டர் சொன்ன மீதி வார்த்தைகள் ஒவ்வொன்றாக என் மண்டைக்கு வந்து சேர்ந்தன. கொழுப்பு. ஈரல். டேஞ்சர்.

மண்டியிட்டேன். கெஞ்சினேன். ஒரு பிஸ்கட்டை நானே கடித்து, ஆகா ஓகோ என்று நடித்தேன். (சத்தியமாக நன்றாக இல்லை.) என் மனைவி சாந்தி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு டெங்கி வந்தப்ப ஒரு வாய் கஞ்சி குடின்னு இப்படிக் கெஞ்சினீங்களா?"

இதற்கெல்லாம் நின்று பதில் சொல்கிற நேரமா அது? பூனையைக் கூடையில் போட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் பறந்தேன். வழியெல்லாம் அது ஒரு பக்கம் கத்தியது, நான் ஒரு பக்கம் புலம்பினேன்.

"டாக்டர், பச்சத் தண்ணி பல்லுல படல. எப்படியாச்சும் காப்பாத்துங்க!"

டாக்டர் அதைத் தராசில் வைத்தார். பார்த்தார். இறக்கிவிட்டு மறுபடி வைத்தார்.

"அங்கிள்... போன தடவைய விட கூடியிருக்கு."

கூடியிருக்கிறதா? பட்டினி கிடந்து எடை ஏறுகிற வித்தை எனக்கு மட்டும்தான் வரும் என்று நினைத்திருந்தேன்.

"உங்க வீட்டுல சாப்பிடல, சரி. வேற எங்க சாப்பிடுது?" என்றார் டாக்டர்.

இந்தக் கேள்வியோடு வீடு திரும்பிக் கூடையை இறக்குகிறேன் — மீன் குழம்புச் சட்டியோடு லெட்சுமி அக்கா.

"வேலையெல்லாம் இருக்குக்கா. ஏன்?"

"மறைக்காத தம்பி. ஒம் பூன எங்க வாசல்ல வந்து நிக்கிது. 'சாப்டியா?'ன்னு கேட்டா அழுவுது! கெசியான் லா, பாவம். நான் நெத்திலி போட்டேன். முக்குக் கடை காதர் பாய் கோழித் தோல் போடுறாரு. அவருதான் சொன்னாரு, அண்ணன் இப்பல்லாம் தே தாரே டீக்கு சீனிகூட வேணாங்கிறாரு, கஷ்டம் போலன்னு."

சீனி வேண்டாம் என்றதற்கும் கஷ்டத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?

இங்கேதான் நம் ஊர்ப் பழக்கத்தைக் கவனிக்க வேண்டும். எங்கள் தாமான், அதாவது இந்தக் குடியிருப்பு, முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த இடம். மரங்கள் போய்விட்டன, எந்த வீட்டில் இன்று உலை வைக்கவில்லை என்று மோப்பம் பிடிக்கும் அந்தக் காலத் தொழிலாளர் லயத்து மூக்கு மட்டும் போகவில்லை. வழியில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "சாப்டாச்சா?" எங்கள் ஈப்போவில் மலாய்க்காரரும் சீனரும்கூட அவரவர் மொழியில் இதைத்தான் கேட்கிறார்கள். பதில் வேண்டியா கேட்கிறோம்? சாப்பிடாதவனும் "ஆச்சு" என்பான், நடையைக் கட்டுவான். அதுதான் மரியாதை.

இந்த மரியாதை தெரியாத ஒரே ஜீவன் தவுக்கே. யார் கேட்டாலும், எத்தனை தடவை கேட்டாலும் "இல்லை" என்கிறது. அதுவும் தழுதழுத்த குரலில்!

அக்காவிடம் டயட்டை விளக்கிவிட்டு, அன்றைக்கே பாய் கடைக்குப் போனேன்.

"பாய், அதுக்கு ஒண்ணும் போடாதீங்க. டயட்ல இருக்கு."

"பூனைக்கு என்னாண்ணே டயட்டு? கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போவுதா?"

"செத்துப் போயிடும் பாய்."

தமாஷாகச் சொல்லத்தான் நினைத்தேன். குரல் நடுவில் உடைந்துவிட்டது. பாய் என்னைப் பார்த்தார். கையிலிருந்த கோழித் தோலைப் பார்த்தார். குப்பையில் போட்டார்.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாக, "வேல இருக்குல்லண்ணே?" என்றார்.

இப்போது, அன்றைக்குத் தூக்கிப் போட்ட அதே பழைய பிஸ்கட்டை மறுபடி வாங்கி, புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கொடுக்கிறேன். தின்கிறது — முறைத்துக்கொண்டேதான். ஞாயிற்றுக்கிழமைகளில் பூனையைத் தூக்கிக்கொண்டு நான் தராசில் ஏறுகிறேன். பிறகு நான் மட்டும். கழித்துப் பார்த்தால் பூனை லேசாக இளைத்திருக்கிறது. நேற்று சோபாவில் ஒரே தாவலில் ஏறிவிட்டது! நான் கைதட்டினேன். சாந்தி தராசில் நின்ற இன்னொரு எண்ணைப் பற்றிப் பேச்செடுத்தாள்... மீன் குழம்புச் சட்டி எப்படிக் காலியானது என்று நீங்களும் கேட்காதீர்கள்.

நேற்று மாலை லெட்சுமி அக்கா வாசல் கூட்ட வந்தார். தவுக்கே நேரே போய் அவர் எதிரில் உட்கார்ந்தது. அந்தக் கேள்வி அக்காவின் வாய்வரை வந்துவிட்டது, நானே பார்த்தேன். கஷ்டப்பட்டு விழுங்கினார். வானத்தைப் பார்த்தார்.

"என்னா தவுக்கே... மழ வருமா?"

அதற்கும் அதே அழுகைதான். ஆனால் மழைக்கு யாரும் நெத்திலி போடுவதில்லையே!