ஆடு மேய்ந்த குண்டுமல்லி

நிலக்கோட்டையில் பிறந்தவளுக்குப் பூவைப் பற்றி எல்லாம் தெரியும் என்று திண்டுக்கல்லில் நினைத்துக்கொண்டார்கள். என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். சந்தையில் வாங்கித் தலையில் வைப்பதைத் தவிர பூவுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இது என் மாமியாருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. ஐம்பதுகளின் நடுவில், கல்யாணமாகி வந்த புதிதில், ஊரிலிருந்து ஒரு குண்டுமல்லிப் பதியனைக் கொண்டுவந்து கிணற்றடியில் ஜம்பமாக நட்டேன்.

செடி என்னமாய் வளர்ந்தது என்கிறீர்கள்! அரிசி களைந்த தண்ணீர் முழுக்க அதற்குத்தான். தளதளவென்று இடுப்புயரம் வந்தது. எல்லாம் இலை. இரண்டு வருஷமாகியும் பேருக்கு ஒரு மொட்டு இல்லை. மாமியாருக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஏத்தா, உங்க ஊருல இலையைத்தான் தலையில வைப்பாகளோ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடைசியில் ஈஸ்டர் பண்டிகையைக் கெடுவாக வைத்துத் தீர்ப்பும் சொல்லிவிட்டார்: "வர்ற பாஸ்குக்குள்ள பூக்கலைன்னா, வெட்டிட்டு அந்த எடத்துல துவைக்கிற கல்லைப் போட்டுருவேன்." சொன்னபடியே கல்லும் வந்து சுவரோரம் கிடந்தது.

தை மாதத்தில் ஒரு நாள் பூசைக்குப் போய்த் திரும்பினால், பக்கத்து வீட்டு அக்காவின் வெள்ளாடு சுவர் தாண்டி வந்து செடியை மொட்டையடித்துவிட்டிருந்தது. குச்சிதான் மிச்சம். நான் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது.

"வாயில்லாச் சீவன், அதுக்கென்ன தெரியும்?" என்றார் அந்த அக்கா.

"கட்டிப்போட உங்களுக்குத் தெரியாதா?" என்றேன். அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. அந்தக் குச்சிகளுக்குத் தண்ணீர் ஊற்றக்கூட எனக்கு மனசு வரவில்லை.

மாசி பாதியில் ஒரு காலை, தண்ணீர் இறைக்கப் போனவள் வாளியை அப்படியே வைத்துவிட்டேன். குச்சியெல்லாம் தளிர், தளிர் நுனியெல்லாம் மொட்டு. மாமியாரை இழுத்து வந்து காட்டினேன். "அடி ஆத்தி! அம்புட்டும் மொட்டா!" என்றார்.

ஆனால் தபசு காலம் பிறந்திருந்தது. எங்களுடையது வேதக்கார வீடு, கிறிஸ்தவர்கள். பாஸ்குவுக்கு முந்தைய அந்த நாற்பது நாளும் கறி கிடையாது, தலையில் பூ கிடையாது. கோயில் பீடத்தில்கூட வைக்க மாட்டார்கள். கைக்கு எட்டியது தலைக்கு எட்டவில்லை! பறிக்க முடியாதவள் பார்த்துக்கொண்டிருந்தேன். பூவைச் செடியில் வைத்து அதுவரை நான் எங்கே பார்த்தேன்? அரிசி போல் இருந்த மொட்டு ஒவ்வொரு நாளும் உருண்டு திரண்டு, ஒரு சாயங்காலம் மெல்ல வாய் திறக்கும். அவ்வளவு அழகு! மாமியாரும் துவைக்கிற கல்லில் வந்து உட்கார்ந்துகொள்வார். கையில் செபமாலை, கண் செடியில்.

"பூத்ததை மண்ணுல உதிர விடக் கூடாதுத்தா. பக்கத்து வீட்டுக்காரிக்கு என்ன தபசா? பறிச்சுக் குடு" என்றார் ஒருநாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு சுவருக்கு மேலே நீட்டினேன். வாங்கிக்கொண்ட அக்கா முந்தானையில் கொட்டி முகர்ந்தார்.

"மல்லியை வெட்டி விட்டாத்தான பூக்கும்? நீங்க வெட்டலை, எங்க ஆடு வெட்டுச்சு. இது அதுக்குக் கூலியா?"

கோபப்படத்தான் நினைத்தேன். சிரிப்பு வந்து தொலைத்தது. அப்புறம் தபசு முடியும்வரை என் வீட்டுப் பூ அவர் கொண்டையில்தான்.

பாஸ்கு அன்று அந்த அக்காவே நெருக்கமாகத் தொடுத்துக் கொடுக்க, மாமியார் தன் கையால் என் தலையில் வைத்துவிட்டார். செடியை வெட்டுகிற பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை. நானும் பழையபடி அரிசித் தண்ணீர் ஊற்றினேன். அடுத்த தைக்குள் செடி மறுபடி இடுப்புயரம், மறுபடி ஒரே இலை.

ஒரு காலை மாமியார் துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்று, சுவரைத் தாண்டிக் குரல் கொடுத்தார்:

"ஏத்தா, எங்க நெலக்கோட்டைக்காரிக்கு இலை வளக்கத்தான் தெரியும். உன் ஆட்டைச் செத்த நேரம் அவுத்து விடு!"