கண்டக்டர் அக்காவின் எட்டு நடை

விமான நிலையத்தில் எல்லோரும் அவரைக் கண்டக்டர் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதலில் கேலியாக வைத்த பெயர். பதினோரு வருடம் தனியார் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். அந்தப் பஸ்ஸின் டிரைவரையே கல்யாணம் செய்துகொண்டவர். பஸ் கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது அவருக்கு வேலை போயிற்று. முப்பத்தாறாவது வயதில், விமான கம்பெனி ஒன்றின் விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பம் போட்டார்; தரைப்பணியில் சேர்த்துக்கொண்டார்கள்.

புதிதாகத் தொடங்கியிருந்த கம்பெனி அது. பெரிய விமான நிறுவனம் ஒன்றுக்குச் சின்ன ஊர்களுக்குப் பறப்பது கட்டுப்படியாகவில்லை. ஜெட் விமானங்கள் பாதி காலியாகப் போய்வந்தன. அதனால் குறைந்த கட்டணத்தில் ஓட்டுவதற்கென்று ஒரு துணை நிறுவனத்தைத் தொடங்கி, தன்னிடம் பழையதாகிப்போன இரண்டு புரொப்பெல்லர் விமானங்களை அதன் தலையில் கட்டியது. வாலில் இருந்த நீலத்தின்மேல் ஆரஞ்சு பூசினார்கள். வெயிலடித்தால் நீலம் எட்டிப் பார்த்தது. உள்ளே சாப்பாடு கிடையாது. பயணிகளின் பெட்டிகளை வைக்கும் பழைய பெட்டி அறைதான் அலுவலகம். மொத்தம் முப்பத்துநாலு பேர். பணிப்பெண்களே பெருக்கினார்கள், கவுன்ட்டரில் இருப்பவரே பெட்டியும் தூக்கினார்.

தாய் நிறுவனத்துக்கு இவர்கள் வைத்த பெயர் ‘பெரிய வீடு’.

“அது பெரிய வீடுன்னா, அப்போ நாம?” என்று கேப்டன் ஒருநாள் கேட்க, அறையே வெடித்துச் சிரித்தது.

“அந்தப் பேர மட்டும் சொல்லிராதீங்க சார். எங்க வீட்டுக்காரர் காதுல விழுந்தா நாளைக்கு என்னை வேலைக்கே அனுப்ப மாட்டார்” என்றார் அக்கா.

சிரிப்பு அதிக நாள் நீடிக்கவில்லை. பெரிய வீட்டிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கழுத்தில் எப்போதும் ஸ்டாப்வாட்ச் தொங்கும் என்பதால் ஸ்டாப்வாட்ச் சார். அவர் சுற்றிவளைக்காமல் சொன்னார்: “ஒரு விமானம் ஒரு நாளைக்கு ஆறு நடைதான் போகுது. எட்டு போகணும். மூணு மாசத்துல முடியலேன்னா இழுத்து மூடிருவோம்.”

வானத்தில் வேகத்தைக் கூட்ட முடியாது. தரையில் நிற்கும் நேரம்தான் மிச்சம். அது ஐம்பது நிமிடமாக இருந்தது, இருபத்தைந்தாக வேண்டும். அதோடு இன்னொரு சிக்கல். மறுமுனையில் இருந்த ஊரின் ஓடுதளத்தில் விளக்கு இல்லை. ஐந்து ஐம்பதுக்குச் சூரியன் மறைவதற்குள் எட்டாவது நடை அங்கிருந்து மேலே ஏறிவிட வேண்டும்.

அக்கா கையைத் தூக்கினார்.

“சார், நம்ம விமானத்துக்குப் பின்னாடியும் ஒரு கதவு இருக்குல்ல? அத ஏன் பூட்டியே வச்சிருக்கோம்?”

“அதுக்குப் படி இல்லம்மா.”

“படி செஞ்சுக்கலாம் சார். பஸ்ல ரெண்டு கதவும் திறந்தாத்தான் கூட்டம் கலையும்.”

மறுநாளே ஒரு வெல்டரைப் பிடித்துச் சக்கரம் வைத்த படி செய்யச் சொன்னார்கள். பாதுகாப்புப் பிரிவு அதை ஏற்றுக்கொள்ள மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் அக்கா கடிகாரமும் நோட்டுமாக விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். எரிபொருள் லாரியை விமானம் வந்து நின்ற பிறகுதான் கூப்பிடுகிறார்கள்; முன்பே வந்து நிற்கட்டும் என்றார். பயணிகள் இருக்கை எண்படி இரண்டு வரிசையாகக் காத்திருக்கட்டும், பின்பாதி பின்கதவில் ஏறட்டும் என்றார். பழக்கதோஷத்தில் முதல்நாள் விசில் ஊதினார். இன்ஜின் சத்தத்துக்குக் காதை மூடியிருந்தவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதன்பிறகு, மிச்சமிருக்கும் நிமிடங்களை விரலால் காட்டினார்.

சோதனை நாள் வந்தது. ஐந்து நடை கச்சிதமாக முடிந்தது. ஆனால் ஆறாவது நடை எதிர்க்காற்றில் சிக்கி, மூன்று முப்பத்தைந்துக்கு வர வேண்டியது மூன்று ஐம்பத்தைந்துக்கு வந்து நின்றது. நாலு இருபதுக்குள் கிளம்பியே ஆக வேண்டும். ஸ்டாப்வாட்ச் சார் பொத்தானை அழுத்தினார்.

இரண்டு கதவிலும் பயணிகள் மளமளவென்று இறங்கினார்கள். ஒருவர் மட்டும் பதினான்காம் வரிசையில் குனிந்து நின்றார்.

“என் போன் சீட்டுக்கடியில போயிருச்சுங்க!”

நசுங்கினால் பேட்டரி தீப்பிடிக்கும் என்பதால், சீட்டுக்குள் போன் சிக்கியிருந்தால் விமானம் கிளம்பக் கூடாது. பணிப்பெண் டார்ச் அடித்துத் தேடினாள், காணோம். அக்கா படியேறி ஓடினார். சீருடையைப் பற்றிக் கவலைப்படாமல் தரையில் மல்லாந்து படுத்து, சீட்டின் கம்பிக்கு மேலே கையை நுழைத்தார்.

“சில்லறை விழுந்தா உருண்டு போகும். தட்டையா இருக்கறது மடிப்புல போய்ச் சொருகிக்கும்” என்றவர் முதலில் ஒரு சீப்பை எடுத்தார். அடுத்து போன் வந்தது. அது அப்போதுதான் அடித்தது. “எடுத்துப் பேசுங்க, ஆனா நடந்துக்கிட்டே பேசுங்க!” என்று அவரை இறக்கிவிட்டார்.

மூன்று நிமிடம் போயிருந்தது. பெருக்கி முடித்தார்கள், எரிபொருள் குழாய் கழன்றது, இரண்டு வரிசையும் ஏறியது. அக்கா கீழே நின்று ஐந்து விரல் காட்டினார். மூன்று. இரண்டு. கேப்டன் ஜன்னல் வழியே கட்டைவிரலைத் தூக்கினார். நாலு பதினெட்டு!

அதன்பின் அந்தப் பெட்டி அறையில் யாரும் உட்காரவில்லை. ஸ்டாப்வாட்ச் சார்கூட நின்றுகொண்டிருந்தார். ஐந்து நாற்பத்தெட்டுக்கு மறுமுனை நிலைய அதிகாரி போன் செய்தார். “ஏறியாச்சு! மூணு நிமிஷம் முன்னாடியே ஏறியாச்சு!” யாரோ மேஜைமேல் தாளம் போட்டார்கள். ஸ்டாப்வாட்ச் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, “ஒரு டீ கிடைக்குமா?” என்றார்.

அக்கா வீட்டுக்குப் போன் போட்டார். “டிரைவர் சார், எட்டு நடை!”

“ரைட் சொன்னியா?”

“விரலால சொன்னேன்.”

“நம்ம பஸ் ஒருநாளாவது நேரத்துக்குக் கிளம்பியிருக்கா? எல்லாத் திறமையையும் அங்க காட்டற.”

“நம்ம பஸ் டிரைவர் டீக்கடையில உட்கார்ந்திருப்பாரே. நான் என்ன பண்றது?”

இப்போது ஆறு வருடமாகிறது. ஏழு விமானங்கள், பதினோரு ஊர்கள். அக்காதான் தரைப்பணிப் பிரிவின் தலைவர். பெரிய வீட்டு ஆட்களே அவரிடம் பயிற்சிக்கு வருகிறார்கள். போன வாரம் இவர்களுக்கென்றே நூற்றெண்பது இருக்கை கொண்ட புத்தம்புது ஜெட் ஒன்று வந்து இறங்கியது. எல்லோரும் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க, அக்கா அளவு டேப்புடன் உள்ளே போய் நடைபாதையை அளந்துகொண்டிருந்தார்.

“இதுக்கு அம்பது நிமிஷம் வேணும்னு கையேட்டுல போட்டிருக்குக்கா” என்றாள் பணிப்பெண்.

“கையேடு எழுதினவர் நின்னுக்கிட்டே பஸ்ல போயிருக்க மாட்டார்” என்றார் அக்கா. “டேப்போட அந்த முனையப் பிடி.”