கேட்பதற்கு முன் கொடுத்தவர்

அக்காவின் கணவர் கோழிக்குஞ்சு வண்டி ஓட்டுகிறார். எல்லைக்கு இந்தப் பக்கம் பொரித்த குஞ்சுகளை வெயில் ஏறுவதற்குள் அந்தப் பக்கத்துப் பண்ணையில் இறக்க வேண்டும். சோதனைச் சாவடியில் நிறுத்தினால் சிமென்ட் ஏற்றுகிறவர்கள் துண்டை விரித்துப் படுத்துக்கொள்ளலாம். அத்தானால் முடியாது. வண்டி நின்றால் காற்று நிற்கும். காற்று நின்றால் குஞ்சுகள் வாயைப் பிளக்கும். வழியில் நிற்கும் ஒவ்வொரு போலீஸ்காரருக்கும் இது தெரியும்.

அதனால் யாரும் கேட்கும்வரை அவர் காத்திருப்பதில்லை. முதலாளி அதற்கென்று தரும் பணத்தை பர்மிட்டின் இரண்டாவது தாளுக்கு அடியில் மடித்து வைத்தே நீட்டுவார். பேரம் இல்லை, கெஞ்சல் இல்லை. "என்கிட்டயே சண்டைக்கு முன்னாடி சமாதானத்துக்கு வந்துடறாருடா" என்று அக்கா சிரிப்பாள்.

இந்தக் கோடையில் ஏற்கெனவே ஒரு லோடு வழியிலேயே வாடிப்போனது. இன்னொரு தடவை குஞ்சுகள் செத்தால் சாவியை வாங்கிக்கொள்வதாக முதலாளி சொல்லியிருந்தார்.

அன்று எல்லைச் சாவடியில் புது அதிகாரி. சின்ன வயது, மடிப்புக் கலையாத சட்டை. அத்தான் வழக்கம்போல் நீட்டினார். அதிகாரி இரண்டாவது தாளைப் புரட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"நான் கேட்டேனா?"

"இல்லைங்க சார். வழக்கமா..."

"பேப்பர் எல்லாம் சரியா இருக்கு. சரியா இருக்கறவன் எதுக்குக் காசு வைக்கிறான்? உள்ள வேற என்ன இருக்கு?"

"குஞ்சுங்கதான் சார்."

"எல்லாத்தையும் இறக்கு."

பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பெட்டிகள் சூடேறிய சிமென்ட் தரையில் வரிசையாக இறங்கின. அதிகாரி அதட்டவில்லை. குஞ்சுகளை ஒதுக்கி, அடியில் விரித்த காகிதத்தை விரலால் தூக்கித் தூக்கிப் பார்த்தார். அவை வாய் பிளப்பதைக் கண்டதும் தன் மேஜை விசிறியையே வெளியே கொண்டுவரச் சொன்னார். ஒயர் வாசற்படிவரைதான் எட்டியது. படியோரப் பெட்டிகளுக்கு மட்டும் காற்று கிடைத்தது. சோதனை நிற்கவில்லை. இவ்வளவு நல்லவரிடம் அத்தான் இதற்கு முன் மாட்டியதில்லை.

"குடுக்காம இருந்திருந்தா அப்பவே அனுப்பியிருப்பேன்" என்றபடி முத்திரை குத்தினார்.

சாவடிக் குமாஸ்தா வண்டிவரை கூடவே வந்தார்.

"மாத்தலாகி இப்பதான் வந்தாரு. வாங்க மாட்டாரு."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே அண்ணே."

"நீங்க எங்க கேட்டீங்க?"

கதவில் வைத்த கையை அவர் எடுக்கவில்லை. "அவரு வேணாம்னா நாங்களும் பட்டினி கிடக்கணுமா?" திரும்பி வந்த பணம் அந்தக் கைக்குப் போனது.

பண்ணையில் செத்தவற்றை வாளியில் போட்டார்கள். ஒரு வாளி போதவில்லை. அத்தான் முதலாளிக்கு போன் செய்தார்.

"செக்போஸ்ட்ல குடுக்கலையா?"

"குடுத்தேங்க."

"குடுத்துமா நிறுத்தினான்?"

"குடுத்ததாலதாங்க நிறுத்தினாரு."

"முடி நரைக்கிற வரைக்கும் இந்தத் தொழில்ல இருந்துட்டேன். இப்படி ஒரு கதை கேட்டதில்ல. காசு உன் பையிலதான இருக்கு?"

"குமாஸ்தா வாங்கிட்டாருங்க."

"அதிகாரி வேணாம்னாரு, குமாஸ்தா வாங்கிட்டாரு. சரி. வந்து சாவியை வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டுப் போ."

காலி வண்டியோடு திரும்பும்போது சாவடியில் அதே அதிகாரி நின்றிருந்தார். அருகில் வந்து, "குஞ்சுங்க பொழச்சுதா?" என்று கேட்டார். உண்மையிலேயே கவலையோடுதான் கேட்டார்.

"பொழச்சுதுங்க சார்" என்றார் அத்தான்.

இதைக் கேட்டு அக்காவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அவ்வளவு நேர்மையான மனுஷன்ல. நடந்ததை முதலாளிக்கு போன்ல ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பாரே."

அத்தான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"கேக்கணும்னுதான் நினைச்சேன். அதுக்கு என்ன குடுக்கணும்னு தெரியல. யோசிக்கறதுக்குள்ள தடுப்புக் கம்பத்தைத் தூக்கிட்டாங்க."