காய்ச்சலைக் கொல்லும் எண்ணெய்

மண்ணெண்ணெயைப் பற்றி யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் எனக்குக் கோபம் வரும். கெட்டதாகச் சொன்னாலும் வரும். இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது என்பதுதான் என்னால் பொறுக்க முடியாத விஷயம். ஒரேயடியாகத் திட்டித் தீர்த்துவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை.

வெள்ளைக்காரர் ஆண்ட காலம். பாப்பாமோட்டையில் எங்கள் வீடு குளத்துக்குப் பக்கத்தில் இருந்தது. மாரி முடிந்ததும் குளத்தில் நுளம்பு என்று நாங்கள் சொல்லும் கொசு பெருகும், பின்னாலேயே குளிர்காய்ச்சல் வரும். அந்த வருஷம் நுளம்பை ஒழிக்கும் வேலையை மேற்பார்க்கவென்று அரசாங்கம் ஓர் ஓவசியரை அனுப்பியது. அவர் காரில் வருவார். இறங்கிக் குடை பிடித்துக்கொண்டு வரம்பில் நிற்பார். குளத்தில் மண்ணெண்ணெய் ஊற்றும் வேலைக்கு எங்கள் மாமாவைப் பிடித்திருந்தார்கள். மாமா அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். அரசாங்கம் கொடுத்த காக்கிக் காற்சட்டைக்குள் இன்னொரு மாமாவும் புகுந்துகொள்ளலாம். அதைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, எண்ணெய்த் தகரத்தைத் தோளில் வைத்து, கவர்னரே வருவதுபோல் நடந்து வருவார். நாங்கள் சிரித்தால் முறைப்பார்.

எண்ணெய் குளத்தில் நிறம் நிறமாகப் படர்ந்தது. மாடுகள் வாயை வைத்துவிட்டுத் தலையை உதறிக்கொண்டு திரும்பின. தோய்த்த சேலையெல்லாம் நாறியது. நல்ல தண்ணீருக்குப் பெண்கள் கோயில் கிணறுவரை போகவேண்டியதாயிற்று. ஒருநாள் எல்லோருமாகக் கூடி ஓவசியரிடம் முறையிட்டார்கள். அவர் குடையை மடக்கக்கூட இல்லை.

"இந்த எண்ணெய் காய்ச்சலைக் கொல்லும். அவ்வளவும் உங்களுக்குத் தெரிஞ்சால் போதும், போங்கோ" என்றார்.

அவ்வளவும் போதுமாம்! நுளம்பின் குஞ்சு தண்ணீரில்தான் வளர்கிறது, மேலே எண்ணெய் மூடினால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும் என்று இரண்டு வசனம் சொல்ல அந்த மனிதருக்கு வாய் வலித்தது. வருஷம் முழுக்க நெற்பயிரில் பூச்சியோடு மல்லுக்கட்டுகிற சனத்துக்கு அது விளங்காது என்று அவரே முடிவு கட்டிவிட்டார். நினைக்க இன்றைக்கும் என் கை பரபரக்கிறது.

நுளம்பு குறைந்தது உண்மை. காய்ச்சலும் முந்திய வருஷங்களைவிடக் குறைந்த வீடுகளில்தான் படுத்தது. எங்கள் வீட்டுப் போத்தல் விளக்கும் அதே எண்ணெயில்தான் எரிந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படித்தது அந்த வெளிச்சத்தில். காலையில் மூக்கைச் சிந்தினால் கரி வரும்.

காய்ச்சல் படுத்த அந்தச் சில வீடுகளில் எங்கள் வீடும் ஒன்றாகிவிட்டது. மூன்று வயதுத் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போக எங்களுக்கு இருந்த ஒரே வழி மாட்டுவண்டி. அப்பா அதைக் கட்டிக்கொண்டு அடம்பன் சந்தைக்குப் போயிருந்தார். தம்பியைப் பார்த்துக்கொள்ள என்னிடம் சொல்லிவிட்டு அம்மா தண்ணீருக்குப் போனா. அவன் பல் கிட்டி நடுங்கிக்கொண்டு கிடந்தான். அந்த நேரம் குளத்தடியிலிருந்து மாமா வந்தார். அவனுடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அவருடைய கண் கலங்கிவிட்டது. வெளியே போய்ச் சிரட்டையில் கொஞ்சம் மண்ணெண்ணெய் எடுத்துவந்து, அதில் பனங்கட்டியைத் தூளாக்கிப் போட்டார்.

"என்ன மாமா செய்யிறீங்கள்?"

"அவ்வளவு பெரிய குளத்துக் காய்ச்சலையே கொல்லுதாம் பிள்ளை. இவன்ர காய்ச்சல் எம்மாத்திரம்?"

தம்பியை மடியில் வைத்து, செல்லம் கொஞ்சிக் கொஞ்சிப் பருக்கினார். மாமாவைவிட எங்களில் அன்பு வைத்தவர் அந்த ஊரில் கிடையாது. அவரை முழுதாக வெறுக்கவும் முடியாமல் போனது அதனால்தான்.

தம்பி இருமத் தொடங்கினான். இருமல் நிற்கவில்லை. உதடு நீலம் பாய்ந்து, கண் செருகியது. குடத்தோடு வந்த அம்மா அவனுடைய வாயை மோந்து பார்த்ததும் குடத்தை அப்படியே போட்டா.

"என்னடா பருக்கினனி?"

"எண்ணெய் அக்கா. காய்ச்சலைக் கொல்லுமெண்டு ஓவசியர்தானே சொன்னவர்."

அம்மா மாமாவோடு பேச நிற்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குளத்தடிக்கு ஓடினா. நான் பின்னால் ஓடினேன். ஓவசியர் காரில் ஏறிக்கொண்டிருந்தார்.

"இது கவண்மேந்துக் கார். கண்ட ஆக்களையும் ஏத்தேலாது" என்றார்.

"அப்ப உங்கட கவண்மேந்து எண்ணெயை இவன்ர வயித்துக்குள்ள இருந்து எடுத்துத் தாங்கோ. நாங்கள் போறம்."

அம்மா அப்படிப் பேசி நான் அதற்குமுன் கேட்டதில்லை. அவர் பதில் சொல்வதற்குள் கதவைத் திறந்து ஏறி இருந்துவிட்டா. நானும் ஏறினேன். வண்டியில் போயிருந்தால் பொழுதுபட்டிருக்கும். கார் மன்னார்த் தீவுக்குப் போகும் பாலத்தைக் கடந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது வெயில் சாயவே இல்லை. அந்தக் காரும் நிலத்துக்கடியில் எடுத்த எண்ணெயில்தான் ஓடியது என்று பிறகு அறிந்தபோது எனக்கு நன்றி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. குடலை எரித்தவனே தோளிலும் தூக்கிப்போனால் அவனை என்ன செய்வது?

டொக்டர் அம்மாவைத்தான் ஏசினார். படிக்காத சனம், மாட்டுச் சனம் என்று வார்டே கேட்கக் கத்தினார். ஓவசியருக்கு இருக்கக் கதிரை கொடுத்தார்கள். அம்மா சுவரோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டா.

தம்பி பிழைத்துக்கொண்டான். நெஞ்சில் இழுப்பு மட்டும் நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

வீடு திரும்பிச் சில நாளில் கார் மறுபடியும் குளத்தடிக்கு வந்தது. மாமா தகரத்தைத் தூக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வேலிக்குள்ளேயே நின்றார். அம்மா விறுவிறென்று காரை நோக்கி நடந்தா. இன்றைக்குக் கிழி கிழியென்று கிழிக்கப்போகிறா என்று நான் சந்தோஷத்தோடு கூடவே போனேன். கையில் ஒரு கல்லும் வைத்திருந்தேன்.

அம்மா குளத்தின் மறுகரையைக் காட்டினா.

"அந்தப் புல்லுக்குள்ள எண்ணெய் படேல்லை. அங்கயும் ஊத்துங்கோ. ஒரு இடமும் விடாதேங்கோ."

பிறகு வேலிப் பக்கம் திரும்பி, "டேய், வந்து தகரத்தைத் தூக்கு" என்றா.

எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. கல்லை எறிந்தேன். தகரத்தில் பட்டு ஓசை எழுந்தது. அம்மா எனக்குக் கன்னத்தில் அறைந்தா. அதன்பிறகு பல நாள் நான் அம்மாவோடு பேசவில்லை. கூப்பிட்டால் கேட்காததுபோல் இருந்தேன். போட்ட சோற்றைத் தள்ளிவைத்தேன். பெற்ற பிள்ளையைக் கொல்லப் பார்த்த எண்ணெயைக் கேட்டு வாங்குகிறவள் என்ன தாய் என்று மனதுக்குள் திட்டினேன்.

எனக்கு முன்னால் பிறந்த இரண்டு பேரை அந்தக் குளத்துக் காய்ச்சல் கொண்டுபோயிருந்தது. அவர்களைப் பற்றி வீட்டில் எவரும் வாய் திறப்பதில்லை. நான்தான் மூத்த பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.