ஷின்கிச்சியின் கிண்ண மூடி

1955 ஜூன் 4: தவணைக்கு வானொலிப் பெட்டி. முன்பணம் 2,000 யென்.
1956 மார்ச் 22: ஒன்பதாம் தவணை, 900 யென்.
1956 ஆகஸ்ட் 22: தவணை கட்டவில்லை.

இது ஜப்பானின் வடகிழக்குக் கடற்கரையில், நெமுரோவில் என் பக்கத்து வீட்டு ஹருயேயின் கணக்கு. கடற்பாசி உலர்த்திப் பிழைத்தவள் வானொலி வாங்கியது பாட்டுக் கேட்க அல்ல. லண்டனில் எங்கள் அரசு சோவியத்தோடு சமாதானம் பேசத் தொடங்கியிருந்தது. பேச்சு முடிந்தால் கைதிகள் திரும்புவார்கள். அவள் கணவன் ஷின்கிச்சி, போர் முடிவில் சோவியத் பிடித்துக்கொண்ட எங்கள் தீவிலிருந்து அண்டை வீட்டாரைப் படகில் ஏற்றி வந்தபோது பிடிபட்டு, பத்து வருடமாகச் சைபீரியாவில் இருந்தான்.

தீவுகள் யாருக்கு என்பதில் முட்டிக்கொண்டு மார்ச்சில் பேச்சு நின்றது. மீனவர் சங்கத்தில் தலைவர் இவாசாக்கி மேசையைத் தட்டினார். "ஒரு பாறையக்கூட விடக்கூடாது!"

"உங்க மகன் அங்க இருந்தா இப்படித் தட்டுவீங்களா, அண்ணே?" என்றாள் ஹருயே. "நானும் அந்தத் தீவுலதான் பொறந்தேன். பாறை எங்க போயிடும்? மனுசன் போயிடுவான்."

இவாசாக்கி கையை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

தூரம் போனவருக்கும் வீட்டில் சாப்பாட்டுத் தட்டு வைப்பது எங்கள் வழக்கம். சூப் கிண்ண மூடியின் உட்புறம் வேர்த்திருந்தால் ஆள் நலம். காய்ந்திருந்தால் என்ன என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஹருயேயின் மாமியார் தோமே தினமும் தூக்கிப் பார்ப்பாள். தினமும் வேர்த்திருக்கும்.

மாஸ்கோவில் மறுபடி தொடங்கிய பேச்சும் ஆகஸ்டில் முறிந்தது. செய்தி கேட்டு உட்கார்ந்துவிட்ட ஹருயே, ஆறிய சூப்பையே ஊற்றி வைத்துவிட்டாள். பாசி எடைச் சீட்டைக் கொடுக்க நான் போயிருந்தேன். தோமேயின் கை மூடியைத் தொட்டது.

"வேணாம் அத்தே!" ஹருயே கத்திவிட்டாள். "இன்னிக்குச் சூடு இல்ல."

"தினமும் நீ கொதிக்கக் கொதிக்க ஊத்துறது எனக்குத் தெரியாதாக்கும்? அதுக்குக் கல்லுகூட வேர்க்கும்டி." கிழவி கையை இழுத்துக்கொண்டாள். "இனிமே யாரும் தொறக்கவேணாம். அவனே வந்து தொறக்கட்டும்."

அன்றிலிருந்து ஹருயே முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கிண்ணத்தைக் காலி செய்தாள். தவணை கட்டவில்லை, வானொலியையும் துணி போட்டு மூடினாள்.

அக்டோபரில், தீவுகளை ஒத்திவைத்து, சமாதான ஒப்பந்தம் இல்லாமலே ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். கைதிகள் வருவதாகச் சங்கத்து வானொலி சொன்னது. பெயர்களைச் சொல்லவில்லை.

டிசம்பர் கடைசியில், பனியில், ஷின்கிச்சி வந்தான். தட்டின் முன் உட்கார்ந்து மூடியைத் திறந்தான்.

"ஆறிப்போச்சே."

"பத்து வருசமா ஆறுதுடா," என்றாள் தோமே. "குடி."

முகாமிலிருந்து அவன் கடைசியாக எழுதிய தபால் அட்டை அதற்குப் பிறகுதான் வந்தது. 'பேச்சு நின்றுவிட்டதாம். எனக்குத் தட்டு வைப்பதை நிறுத்திவிடுங்கள்.' வந்து சேர்ந்த நாள் 1957 ஜனவரி 19.