ஸ்பீக்கரில் ஒலித்த நெஞ்சு

போன வாரம் தில்லைநகரில் இருதய டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தேன். எக்கோ எடுக்கும் அறையின் கதவை யாரோ சரியாகச் சாத்தவில்லை. உள்ளே எவருடைய நெஞ்சோ 'புஸ், புஸ்' என்று ஸ்பீக்கரில் இரைந்துகொண்டிருந்தது. கூடவே ஸ்பிரிட் வாடை. அந்த வாடை எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

மூட்டுக் காய்ச்சல் வந்து என் இருதய வால்வு ஒன்று அப்போதே கெட்டுப்போயிருந்தது. மூன்று வாரத்துக்கு ஒரு தரம் பென்சிலின் ஊசி. எங்கள் சித்திரை வீதியில் யார் கேட்டாலும் அம்மா அதைச் சத்து ஊசி என்பாள். அந்தச் சத்தெல்லாம் எங்கே போகிறது என்று எதிர்வீட்டு மாமிக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

"யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதேடி. அப்பறம் எவன் பண்ணிப்பான் உன்னை?"

நான் மூச்சு விடவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியதே தவிர.

திருச்சிக்கு வெளியே ஓர் இன்ஜினியரிங் காலேஜில் மருத்துவக் கருவிகள் பிரிவில் சேர்ந்தேன். மனித உடம்பை மெஷினாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்த சார் ஒருவர் அங்கே இருந்தார். இருதயம் பம்ப், சிறுநீரகம் ஃபில்டர், நரம்பெல்லாம் வயரிங். வாயால் சொன்னால் அவருக்குப் போதாது, ரிப்பேரான மெஷின் ஒன்று கண்முன்னே வேண்டும். ஆஸ்துமா இருந்த துறையூர்ப் பையனைக் குழாயில் ஊதவிட்டு, "பாருங்க, அடைச்ச சைலன்சர்" என்றார். அதற்கப்புறம் அவனுக்கு அதுதான் பெயர்.

ஒரு வெள்ளிக்கிழமை, லேபில் ஒருவர் நெஞ்சை ஒருவர் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கச் சொன்னார். என் லேப் பார்ட்னர் காட்டூர்க்காரி. நல்ல பெண்தான், வாய்தான் பெரிது. "சார், இவளுக்கு வேற மாதிரி கேக்குது!" என்று கத்திவிட்டாள். லாட்டரி விழுந்தவர் மாதிரி ஓடிவந்தார் சார். ஸ்டெதாஸ்கோப் குழாயில் மைக்கைச் செருகி ஸ்பீக்கரோடு இணைத்தார். வேண்டாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. இன்டர்னல் மார்க் அவர் கையில் இருந்தது.

"நீயே அமுக்கிப் பிடிச்சுக்கம்மா."

பிடித்துக்கொண்டேன். லேப் முழுக்க என் நெஞ்சு இரைந்தது.

"கேட்டீங்களா? அனுப்புன ரத்தம் லீக்காகித் திரும்புது. இந்த பம்ப்பை என்ன பண்ணலாம்?"

"கழட்டிட்டு வேற மாட்டணும் சார்!" என்றது பின்வரிசை.

"அதுவரைக்கும்?"

"லோடு குடுக்கக் கூடாது சார்!"

"கரெக்ட். கல்யாணம், புள்ளைன்னு லோடு ஏத்துனா நின்னுடும்."

வகுப்பே சிரித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபோன் வந்தது. எனக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீடும் காட்டூர்தான், என் லேப் பார்ட்னரின் தெருதான். ஜாதகம் பொருந்தவில்லையாம். ஒன்பது பொருத்தம் என்று சொல்லி, முந்தின வாரம்தான் எங்கள் வீட்டில் காபி குடித்துவிட்டுப் போனவர்கள். "ஊருக்கே ஒலிபரப்பிட்டு வந்துட்டியேடி" என்றாள் அம்மா. அதைச் சாகும்வரை விட்டு விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்புறம் எந்த வரனும் எங்கள் படியேறவில்லை. அந்த சாரைப் பெருமாள் சந்நிதியில் நின்றே மனதாரச் சபித்திருக்கிறேன்.

எக்கோ அறையிலிருந்து சட்டைப் பொத்தானைப் போட்டபடி வெளியே வந்தது யார் என்கிறீர்கள்? அவரேதான். தளர்ந்துபோயிருந்தார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பழைய மாணவி என்று சொல்லியும் அடையாளம் தெரியவில்லை.

"உங்களுக்கும் வால்வா சார்?"

"லீக்குதாம்மா."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன்?

நான் படித்த வருஷத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. "உங்க செட்டுல ஒரு பொண்ணு இருந்துச்சே, மைக் வச்சுக் கேட்டோமே. என்ன சத்தம்மா அது! அவ்வளவு சுத்தமா அப்புறம் எனக்குக் கிடைக்கவே இல்ல. இப்ப எங்க இருக்கு?"

"செத்துப்போயிட்டா சார்."

"அடடா." நிஜமாகவே வருத்தப்பட்டார். "அன்னைக்கே ரெக்கார்டு பண்ணி வச்சிருக்கலாம்."

என் நெஞ்சில் இப்போது இருப்பது உலோக வால்வு. சுவர்க்கடிகாரம் மாதிரி டிக் டிக் என்று அடித்துக்கொள்கிறது. லீக் இல்லை. லோடு ஏற்றவும் ஆளில்லை. அந்தப் பழைய இரைச்சலை இனி யாரும் கேட்க முடியாது. ரெக்கார்டு பண்ணி வைத்திருக்கலாம் என்று எனக்கும் தோன்றியது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.