வெண்டைக்காய் நுனியும் மார்சேல்ஸ் சந்தையும்

போன ஞாயிற்றுக்கிழமை, தேரடி வீதிப் பக்கம் புதிதாகத் திறந்திருக்கிற காய்கறிக் கடைக்குப் போயிருந்தோம். வெண்டைக்காய்க் கூடையில் ஒரு அட்டை செருகியிருந்தது: ‘நுனியை உடைக்காதீர்!’

என் மனைவி சுலோச்சனா அதை நிதானமாகப் படித்தாள். படித்துவிட்டு ஒரு வெண்டைக்காயை எடுத்து — பட்!

கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள் அவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனேன். “விட்டுடுங்க சார். இதே வெண்டைக்காய்க்காக பிரான்ஸ்ல சண்டை போட்டவங்க இவங்க.”

அவர் நம்பவில்லை. நீங்களாவது நம்புங்கள்.

மோனிக் என்று ஒரு பிரெஞ்சுக்காரி. எழுபதுகளில் நம் ஊர் மலையைத் தேடி வந்த வெளிநாட்டுக்காரர்கள் கூட்டத்தில் ஒருத்தி. மற்றவர்கள் மௌனம் வேண்டுமென்று ஆசிரமத்துக்குப் போனார்கள். இவள் எங்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு வந்தாள். சுலோச்சனா இருக்கிற வீட்டில் மௌனமா? வந்த இடம் தப்பு என்று தெரிந்தும் இரண்டு வருஷம் இருந்தாள். தமிழ் கற்றுக்கொண்டாள். சுலோச்சனாவை ‘அக்கா’ என்றாள். அந்த முறையில் நான் ‘மாமா’ ஆகிவிட்டேன். ஒரு வெள்ளைக்காரி நடுத்தெருவில் “மாமா...” என்று கூப்பிட்டால் மனுஷன் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது?

ஊருக்குத் திரும்பிப் போனவள் எங்களை மறக்கவில்லை. எண்பத்து மூன்றில் டிக்கெட் அனுப்பி, “வந்தே ஆகணும்” என்றாள். போனோம். அவள் ஊர் மார்சேல்ஸ். கடலோரம்.

“எங்க ஊர்ல ரொம்பப் பழைய சந்தை ஒண்ணு இருக்கு மாமா. வாங்க, காட்டறேன்.”

எவ்வளவு பழசு என்று கேட்டேன். அவள் தாத்தாவின் தாத்தா காலமாம். பெருமையாகச் சொன்னாள். எங்கள் ஊரில் அந்த வயசுள்ளதைப் புதுத்தெரு என்போம்!

ஆனால் சந்தை சந்தைதான். குறுகலான சந்து, மேலே துணிப் பந்தல், ஆளுக்கு ஆள் கூவல். கறுப்பாக, பளபளவென்று ஏதோ குவித்திருந்தார்கள். நாவப்பழம் என்று நினைத்து சுலோச்சனா ஒன்றை வாயில் போட்டாள். அது ஆலிவ் காய். உப்பும் கசப்பும் சேர்ந்து அவள் முகம் போன போக்கை எழுத எனக்குத் தைரியமில்லை. அடுத்த கடையில் சீஸ்.

“என்னங்க, துவைக்காத சாக்ஸ் வாடை அடிக்குது. இதைக் காசு குடுத்தா வாங்கறாங்க?”

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. ஒரு கூடை வெண்டைக்காய்! ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறதாம். வெளியூர்க் கல்யாணத்தில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி ஓடினாள். ஒன்றை எடுத்தாள். பட்! அடுத்தது... பட்! பட்!

கடைக்காரி ஆறடி உயரம். ஆம்பளை ஸ்வெட்டர். அவள் போட்ட கத்தலில் சந்தே திரும்பிப் பார்த்தது.

சுலோச்சனா சளைக்கவில்லை. “என்னாம்மா கத்தற? முத்தலா இளசான்னு பாக்க வேணாமா? வளையறதை எல்லாம் என் தலையில கட்டப் பாக்கறியா?” — சுத்தத் தமிழில்.

மோனிக் குறுக்கே வந்தாள். “அக்கா, நிறுத்துங்க. இங்க யாரும் காயைத் தொட மாட்டாங்க. அவங்களா எடுத்துக் குடுப்பாங்க. நான் வாரா வாரம் வர்ற கடை இது. எனக்கு வெக்கமா இருக்கு.”

சுலோச்சனா கையிலிருந்த காயைக் கூடையில் போட்டாள்.

“வெக்கமா? நீ எங்க வீட்டு அம்மிக்கல்லு மேல கால்மேல கால் போட்டு உக்காந்துக்கினு சிகரெட்டு புடிச்சியே... தெருவே வந்து கேட்டுச்சு. நான் என்னாடி சொன்னேன்? ‘அது எங்க வீட்டுப் பொண்ணு, போய் வேலையப் பாருங்க’ன்னு சொன்னனா இல்லியா? நான் வெக்கப்பட்டனா?”

விறுவிறுவென்று நடந்து போய் ஒரு காலிப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். எங்கே? மீன் கடை வாசலில். பக்கத்து வீட்டில் மீன் பொரித்தால் ஜன்னலைச் சாத்துகிற குடும்பத்தில் பிறந்தவள்! அந்த நாற்றம்கூட அவளுக்கு உறைக்கவில்லை. அழுதுகொண்டிருந்தாள்.

“எனக்கு ஊருக்குப் போவணும். டிக்கெட்டை மாத்துங்க.”

எனக்குத் தெரிந்த பிரெஞ்சு ஒரே வார்த்தை: நன்றி. அதை வைத்துக்கொண்டு எந்த விமானத்தை மாற்றுவது?

தூரத்தில் மோனிக்கும் கடைக்காரியும் தெரிந்தார்கள். மோனிக் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். தன் கண்ணைக் காட்டினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் இரண்டு கையாலும் எதையோ அரைக்கிற மாதிரி காட்டினாள்... எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் இருந்தபோது அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. சுலோச்சனா தினமும் விடிகாலையில் கீழாநெல்லி அரைத்து, மூக்கைப் பிடித்து ஊற்றிப் பிழைக்க வைத்தாள். அதைத்தான் சொல்கிறாள். கடைக்காரி கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். மோனிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டு பேரும் வந்தார்கள். மோனிக் அந்த மீன் தண்ணீரிலேயே, வெள்ளைப் பேன்ட்டோடு தரையில் உட்கார்ந்தாள்.

“அக்கா, அப்படிச் சொன்னது தப்பு. நீங்க எத்தினி வேணா உடைங்க. எல்லாத்தையும் நானே வாங்கிக்கறேன்.”

சுலோச்சனா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம், “முத்தலை எல்லாம் எதுக்குடி வாங்கற? எழுந்திரு மொதல்ல. துணியெல்லாம் பாழாவுது” என்றாள்.

அப்பாடா! டிக்கெட்டை மாற்ற வேண்டாம்.

கடைக்காரி என்னவோ கேட்டாள். மோனிக் மொழிபெயர்த்தாள். “வழவழன்னு வராம எப்படி சமைக்கறதுன்னு கேக்கறாங்க அக்கா.”

“கழுவி, தொடைச்சு, ஈரம் காஞ்சப்புறம் நறுக்கணும். வதக்கறப்ப தண்ணியே விடக்கூடாது.”

கடைக்காரி உதட்டைப் பிதுக்கினாள். எலுமிச்சம்பழம் பிழியணுமாம்.

“எலுமிச்சம்பழமா? வெண்டைக்காய்க்கா? ஐயே!”

அந்த ‘ஐயே’வுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அவள் பிரெஞ்சில் ஆரம்பித்தாள். இவள் தமிழில் ஆரம்பித்தாள். மோனிக் மொழிபெயர்ப்பதை எப்போதோ விட்டுவிட்டாள். அது அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியவே இல்லை. பேசிக்கொண்டே வெண்டைக்காய்க் கடைக்குத் திரும்பினார்கள். அங்கே வந்து நின்றவர்களை எல்லாம் கவனிக்காமல் பேசினார்கள். கிளம்பும்போது உடைத்த காய்களை ஒரு பையில் கொட்டி, மேலே இரண்டு எலுமிச்சம்பழத்தை வைத்து, கடைக்காரி சுலோச்சனாவின் கையில் திணித்தாள். சுலோச்சனா எலுமிச்சம்பழத்தை மட்டும் எடுத்துத் திரும்ப வைத்தாள்.

கோட்டை, சர்ச், மியூசியம் என்று எங்களுக்குக் காட்ட மோனிக் ஏகப்பட்டது வைத்திருந்தாள். மீதி நாட்களில் ஒன்றையும் பார்க்க முடியவில்லை. தினமும் சந்தைக்குத்தான் போனோம் — சுலோச்சனாவுக்குச் சண்டை பாக்கியிருந்தது!